பட்டாசு ஊரிலிருந்து செங்கல் வீட்டுக்கு... லாரி பேக்கரைத் தேடி ஒரு பயணம்!

சிவகாசியிலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும், ஊர் முடிந்த கொஞ்ச தூரத்திலேயே அந்தக் காட்சி தொடங்கிவிடும். கரிசல் காட்டுக்கு நடுவே கம்பி வேலி. வேலிக்குள், ஒன்றையொன்று தொடாமல் தள்ளித் தள்ளி நிற்கும் சின்னச் சின்ன அறைகள். தூரத்திலிருந்து பார்த்தால், யாரோ ஒரு கிராமத்தைக் கட்ட ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டதுபோல இருக்கும். இந்தியாவின் பட்டாசுத் தேவையில் சுமார் 90 சதவிகிதம் இந்த மாதிரி அறைகளில்தான் தயாராகிறது.

இந்த அறைகளைப் பெயர்பெற்ற ஆர்க்கிடெக்ட் யாரும் வரைந்து கொடுக்கவில்லை. ஆனாலும் ஒவ்வோர் அளவுக்கும் ஒரு காரணம் உண்டு. ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்த அறைக்குத் தாவக் கூடாது. அதனால்தான் நடுவில் இடைவெளி. உள்ளே இருப்பவர் யோசிக்காமல் ஓட வேண்டும். அதனால்தான் எதிரெதிரே வாசல், வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு. ஓர் அறையில் 4 பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்கிறது விதி. இந்த விதிகள் மீறப்பட்ட நாள்களில் என்ன நடந்தது என்பது இந்த வட்டாரத்தில் குழந்தைக்கும் தெரியும். 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் நடந்த ஒரே விபத்தில் சுமார் 40 உயிர்கள் போயின.

அதாவது, ஒரு கட்டடம் மனிதனைக் காப்பாற்றவும் செய்யும், கைவிடவும் செய்யும் என்பதை விருதுநகர் மாவட்டத்துக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்த அக்கறை ஆலை கேட்டோடு நின்றுவிடுகிறது. பகல் முழுக்க மருந்து வாடையில் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் கம்பெனி வேனில் ஊர் திரும்பும் பெண் தொழிலாளியின் வீடு எப்படி இருக்கிறது? கான்கிரீட் தளம், அல்லது தகரக் கூரை. பகலெல்லாம் குடித்த வெயிலை அது ராத்திரி முழுக்கத் துப்பும். சித்திரை, வைகாசியில் ஃபேன் காற்றே அனலாக அடிக்கும்.

'வீடு என்பது அதில் குடியிருப்பவருக்காக' என்ற ஒரே எண்ணத்தை வைத்துக்கொண்டு 60 ஆண்டுகளுக்கு மேல் இந்தியாவில் வேலை பார்த்த ஓர் ஆங்கிலேயர் இருந்தார். பெயர் லாரி பேக்கர். அவர் கட்டியவற்றைப் பார்க்க விருதுநகர்க்காரர்கள் லண்டன் போக வேண்டாம். ரயில் ஏறினால் திருவனந்தபுரம்!

பர்மிங்காம் பையன்

லாரன்ஸ் வில்ஃப்ரெட் பேக்கர் 1917 மார்ச் 2-ம் தேதி இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்தார். அங்கேயே கட்டடக் கலை படித்து 1937-ல் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 20.

ஐரோப்பாவில் அது 'மாடர்னிசம்' என்ற புதிய அலை வீசிய காலம். பூ வேலைப்பாடு, தூண் சிற்பம் எல்லாம் வேண்டாம். கட்டடம் தன் வேலையைச் செய்தால் போதும். எந்தப் பொருளால் கட்டப்பட்டதோ அது வெளியே தெரியட்டும் என்பது அந்த அலையின் கொள்கை. இரும்பு, கண்ணாடி, கான்கிரீட் ஆகிய மூன்றும்தான் அதற்குப் பிடித்த பொருள்கள்.

அதே அலையில் வளர்ந்த மேக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ என்ற ஆங்கிலேயத் தம்பதி, பின்னாளில் நேருவின் கனவு நகரமான சண்டிகரைக் கட்ட 1951-ல் இந்தியா வந்தார்கள். பிரான்ஸின் லெ கார்பூசியரோடு சேர்ந்து வேலை பார்த்தார்கள். பேக்கர் இந்தியா வந்தது அவர்களுக்கு முன்னால். வந்த வழியும் வேறு.

காந்தி கவனித்த செருப்பு

பேக்கர் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். ஆயுதம் ஏந்த மாட்டோம் என்பவர்கள் அவர்கள். அதனால் இரண்டாம் உலகப் போரில் அவர் துப்பாக்கி தூக்கவில்லை. ஆம்புலன்ஸ் குழுவில் சேர்ந்து சீனாவுக்குப் போனார். அங்கே காயம்பட்டவர்களையும் தொழுநோயாளிகளையும் கவனித்தார்.

ஊர் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருக்க வேண்டி வந்தது. அந்த நாள்களில்தான் காந்தியைச் சந்தித்தார். பேக்கர் அணிந்திருந்தது துணிக் கழிவுகளை வைத்து அவரே தைத்துக்கொண்ட செருப்பு. அது காந்தியின் கண்ணில் பட்டது. பேச்சு வளர்ந்தது. ஒரு நல்ல கிராமத்து வீடு என்றால், அதற்கான பொருள்கள் எல்லாம் அந்த வீட்டிலிருந்து 5 மைல் சுற்றளவுக்குள்ளேயே கிடைக்க வேண்டும் என்பது காந்தி அவரிடம் சொன்ன கருத்து.

அந்த '5 மைல்' பேக்கரின் வாழ்க்கையையே திருப்பிப் போட்டது. இங்கிலாந்து போனவர், 1945-ல் தொழுநோய் மருத்துவமனைகளைக் கட்டித்தரும் பணியை ஏற்று இந்தியாவுக்கே திரும்பி வந்தார். 1948-ல் கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் எலிசபெத் ஜேக்கப்பைத் திருமணம் செய்துகொண்டார். இருவரும் இமயமலை அடுக்கில் உள்ள பித்தோராகர் பகுதியில் குடியேறினார்கள். அம்மா வைத்தியம் பார்க்க, ஐயா கட்டடம் கட்ட, அங்கே ஓடியது சுமார் 16 ஆண்டுகள்.

பர்மிங்காமில் படித்த படிப்பு மலையில் எடுபடவில்லை. மண், கருங்கல், சாணம், கரையான், கொட்டும் மழை என எதற்கும் பாடப்புத்தகத்தில் பதில் இல்லை. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வீடு கட்டி வாழ்ந்துகொண்டிருந்தார்கள். பேக்கர் அவர்களிடம் மாணவரானார்.

1963-ல் தம்பதி கேரளம் வந்தனர். முதலில் வாகமண் மலை, பிறகு திருவனந்தபுரம்.

சிமென்ட் பூமியைத் தாண்டி...

விருதுநகரிலிருந்து திருவனந்தபுரத்துக்குச் சாலை வழியே சுமார் 260 கி.மீ. சென்னையிலிருந்து வரும் அனந்தபுரி எக்ஸ்பிரஸ் விருதுநகரில் நின்று போகும். திருநெல்வேலி, நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம்.

ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தால் தூங்கிவிடாதீர்கள். பேக்கரைப் புரிந்துகொள்ள இந்தப் பாதையே பாதிப் பாடம் நடத்திவிடும்.

விருதுநகரை விட்டதும் வருவது துலுக்கபட்டி. 1960-களின் தொடக்கத்திலிருந்து சிமென்ட் ஆலை புகை விடும் இடம். இந்த மாவட்டத்துக் கரிசலுக்கு அடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. காந்தியின் 5 மைல் கணக்கைப் போட்டால், இந்தப் பக்கத்து வீடுகளுக்குச் சிமென்ட் உள்ளூர்ப் பொருள்தான்! ஆனால், பொருள் பக்கத்தில் கிடைக்கிறது என்பதற்காக அள்ளிக் கொட்டலாமா என்பது பேக்கரிடம் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி.

சாத்தூர் சேவு, கோவில்பட்டி கடலை மிட்டாய் எல்லாம் கடந்தால், திருநெல்வேலிக்குப் பிறகு மண் நிறம் மாறும். ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் சுற்றும். மலை இடைவெளியைத் தாண்டியதும் பச்சை தொடங்கிவிடும். வீடுகளின் தலையும் மாறும். மொட்டை மாடிகள் குறைந்து, சரிந்த ஓட்டுக் கூரைகள் கூடும்.

நேரம் இருப்பவர்கள் நாகர்கோவிலில் இறங்கி, தக்கலை பக்கத்தில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்துவிடலாம். கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் இருந்தாலும் கேரள அரசின் பராமரிப்பில் உள்ள மர அரண்மனை இது. திங்கள்கிழமை விடுமுறை. வெளியே வெயில் கொளுத்தினாலும் மந்திரசாலைக்குள் நுழைந்தால் உடம்பு குளிர்வது தெரியும். ஏ.சி இல்லை, ஃபேன் இல்லை. சரிந்த கூரை வெயிலைத் தடுக்கிறது. மரச் சட்டங்களின் இடுக்கு காற்றை மட்டும் உள்ளே விடுகிறது. இதையேதான் பேக்கர் மரத்துக்குப் பதில் செங்கல்லில் செய்தார்.

தம்பானூர் காபி ஹவுஸ்

திருவனந்தபுரம் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செங்கல் நிறத்தில் ஒரு வட்டக் கோபுரம் நிற்கும். புதிதாக வருபவர்கள் தண்ணீர்த் தொட்டி என்று நினைத்துக் கடந்து போய்விடுவார்கள். இந்தியன் காபி ஹவுஸ் அது. பேக்கரின் கைவண்ணம்.

உள்ளே மாடிப்படி கிடையாது. மாடி என்றே தனியாக ஒன்று கிடையாது. கீழிருந்து மேல்வரை ஒரே சாய்தளம், நத்தை ஓடு மாதிரி சுற்றிச் சுற்றி ஏறுகிறது. அதன் வெளி ஓரத்தில், கட்டடத்தோடு சேர்த்தே கட்டப்பட்ட மேஜைகளும் இருக்கைகளும். சுவர் முழுக்க வரிசையாகத் துளைகள். அவற்றின் வழியே வெளிச்சமும் காற்றும் வரும். நடுப்பகல் வெயில் வராது. விசிறித் தலைப்பாகை கட்டிய பணியாளர், தட்டை ஏந்திக்கொண்டு அந்தச் சரிவில் ஏறி இறங்கியபடி இருப்பார்.

ஒரு காபி விலைக்கு உலகப் புகழ்பெற்ற ஆர்க்கிடெக்டின் கட்டடத்துக்குள் உட்கார்ந்துவிட்டு வரலாம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பயணியும், அலுவலகம் போகிறவரும், கல்லூரி மாணவரும் பக்கத்துப் பக்கத்து மேஜையில். பேக்கரைப் பற்றித் தெரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

மரத்துக்கு வளைந்த சுவர்

அடுத்தது உள்ளூர் பகுதி. ஆம், அந்தப் பகுதியின் பெயரே உள்ளூர்! பொருளாதார அறிஞர் கே.என்.ராஜ், முதலமைச்சர் அச்சுத மேனனின் ஆதரவோடு தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையம் அங்கே இருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் அந்த வளாகத்தைக் கட்டும் பொறுப்பு பேக்கரிடம் வந்தது.

சுமார் 10 ஏக்கர் மேட்டு நிலம். நிலத்தைச் சமன்படுத்தாமல் மேடு பள்ளத்தோடு ஒட்டியே கட்டினார். மரம் குறுக்கே நின்றால் சுவர் வளைந்து போனது. பூசப்படாத செங்கல் சுவர்கள், அவற்றில் கோலப் புள்ளி மாதிரி ஜாலித் துளைகள். நடுவே வட்டமான நூலகக் கோபுரம். பிற்பாடு கட்டிய கம்ப்யூட்டர் மையத்துக்கு இரட்டைச் சுவர் வைத்தார். வெளிச்சுவர் ஜாலி, அது வெயிலை வாங்கிக்கொள்ளும். உள்சுவருக்குச் சூடு குறைவாகவே போகும்.

பேக்கருக்குப் பெரிய அலுவலகமோ, உதவியாளர் படையோ இருந்ததில்லை. பழைய உறை, ஒரு பக்கம் எழுதிய தாள் என்று கைக்குக் கிடைத்ததில் வரைவார். பிறகு தினமும் வேலை நடக்கும் இடத்தில் கொத்தனாரோடு நிற்பார். அவர் வடிவமைத்தவற்றில் பிஷப்பின் இல்லமும் உண்டு, மீனவர் குடியிருப்பும் உண்டு. இரண்டுக்கும் ஒரே செங்கல்தான்.

நாலாஞ்சிராவில் சரிவான பாறை நிலத்தில் தனக்கென்று அவர் கட்டிக்கொண்ட வீட்டின் பெயர் 'தி ஹாம்லெட்'. பழைய மரங்கள், உடைந்த ஓடு, சுவரில் பதித்த பாட்டில் என்று மற்றவர்கள் வேண்டாமென்று தள்ளியவைதான் அந்த வீடு. 1980-களின் இறுதியில் இந்தியக் குடியுரிமை பெற்றார். 1990-ல் பத்மஸ்ரீ வந்தது. 2007 ஏப்ரல் 1-ம் தேதி, 90 வயதில் திருவனந்தபுரத்திலேயே காலமானார்.

கொத்தனாருக்குப் புரியும் 3 விஷயங்கள்

பேக்கர் முறையில் மந்திரம் ஏதும் இல்லை. வீடு கட்டும் எவரும் புரிந்துகொள்ளலாம்.

*எலிப்பொறிக் கட்டு:* வழக்கமாகச் செங்கல்லைப் படுக்க வைத்துக் கட்டுவோம். இதில் செங்கல்லை விளிம்பில் நிற்க வைத்துக் கட்ட வேண்டும். 9 அங்குலச் சுவரின் உள்ளே இரு பக்கச் செங்கல்லுக்கும் நடுவில் சுமார் 3 அங்குலம் காலியாக இருக்கும். அந்தக் காற்றறை வெளிச்சூட்டை உள்ளே விடாது. செங்கல்லும் சுமார் 25 சதவிகிதம் மிச்சம்.

*ஓடு வைத்த தளம்:* கான்கிரீட் தளத்தில் மேல்பகுதிக் கான்கிரீட்தான் பாரத்தைத் தாங்குகிறது. கீழ்ப்பகுதியில் இழுவையைத் தாங்குவது கம்பி. அங்கே உள்ள கான்கிரீட் பெரும்பாலும் இடத்தை அடைக்க மட்டுமே. பேக்கர் அந்த இடத்தில், கம்பிகளுக்கு நடுவே பழைய மங்களூர் ஓடுகளை வைத்தார். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே காற்று நிற்பதால் தளத்தின் சூடு குறையும். சிமென்ட் மிச்சமாகும். தளத்தின் எடையும் குறையும்.

*பூச்சில்லாச் சுவர், ஜாலி:* நல்ல செங்கல்லுக்குப் பூச்சு எதற்கு என்று கேட்டார் பேக்கர். பூச்சு போட்டால் வெள்ளை அடிக்க வேண்டும். சில வருடம் கழித்து மறுபடி அடிக்க வேண்டும். ஜன்னல் வைக்க மரம், கம்பி, கண்ணாடி வாங்க வேண்டும். தேவையான இடத்தில் மட்டும் ஜன்னல் வைத்துவிட்டு, மற்ற இடத்தில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கினால் அதுவே ஜாலி.

இப்போது யோசித்துப் பாருங்கள். வேலைப்பாடு வேண்டாம், பொருள் வெளியே தெரியட்டும், கட்டடம் தன் வேலையைச் செய்யட்டும். இது 1930-களில் ஐரோப்பிய மாடர்னிசம் சொன்ன அதே பாடம்தானே? பாடத்தைப் பேக்கர் விடவில்லை. கண்ணாடியையும் இரும்பையும் கீழே வைத்துவிட்டு, உள்ளூர்க் கொத்தனார் கையில் இருந்த செங்கல்லை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

கரிசலுக்குச் சரிவருமா?

கேரளத்தில் பார்த்ததை அப்படியே தூக்கி வந்து சிவகாசியில் வைக்க முடியாது. வைக்கச் சொல்லி பேக்கரும் சொல்ல மாட்டார்.

முதல் சிக்கல், மண். கரிசல் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். அஸ்திவாரத்தில் சிக்கனம் பார்த்தால் சுவர் விரிசல் விடும். இரண்டாவது, புழுதி. ஆடிக் காற்றில் ஜாலி வழியே தென்றல் மட்டும் வராது. தெருப் புழுதியும் கொசுவும் சேர்ந்தே வரும். ஜாலிக்குப் பின்னால் வலை தேவைப்படும். மூன்றாவது, கை. எலிப்பொறிக் கட்டுக்கு அளவு சுத்தமான செங்கல்லும், நிதானமான கொத்தனாரும் வேண்டும். அவசர வேலையில் காற்றறைக்குள் கலவை விழுந்து அடைத்துவிட்டால் பலன் போய்விடும். வயரிங்குக்குக் குழாய் எங்கே போக வேண்டும் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

நான்காவது சிக்கல்தான் பெரியது. 'பூசாத வீடா? காசு தீர்ந்துபோச்சா?' என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். குடிசையிலிருந்து காரை வீட்டுக்கு வந்த குடும்பத்துக்குப் பளபளக்கும் சுவர் என்பது வெறும் அலங்காரம் இல்லை, தலைநிமிர்வு. அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால், கூரைக்கு இந்தச் சிக்கல்களில் பல கிடையாது. தமிழ்நாடு அரசின் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம். அவ்வளவு சின்ன வீட்டில் வெயில் நேரத்தில் ஒதுங்க இன்னொரு அறை இருக்காது. தலைக்கு மேலே இருக்கும் தளம் எப்படிப்பட்டது என்பதுதான் அன்றைய ராத்திரித் தூக்கம். மறுநாள் காலையில் மருந்தோடு வேலை பார்க்கப் போகிறவருக்குத் தூக்கம் சொகுசு அல்ல. கை நடுங்காமல், கவனம் சிதறாமல் இருக்க வேண்டிய வேலை அது. ஆலை அறைக்கு வாசலை எண்ணிக் கணக்குப் பார்க்கிற ஊர், வீட்டுத் தளத்துக்கும் ஒரு கணக்குப் பார்க்கலாமே!

கற்றுக்கொள்ள எங்கே போவது?

பேக்கர் முறையைச் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். அச்சுத மேனன், கே.என்.ராஜ், பேக்கர் உள்ளிட்டோர் 1985-ல் உருவாக்கிய 'காஸ்ட்ஃபோர்ட்' அமைப்பு திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்டு இன்றும் இயங்குகிறது. திருவனந்தபுரத்துக்கு வெளியே விளப்பில்சாலையில், பேக்கர் பெயரில் உள்ள மையத்தில் மாணவர்களுக்கும் கட்டடத் தொழிலாளர்களுக்கும் பயிற்சி கொடுக்கிறார்கள். சென்னைப் பக்கம் போகிறவர்கள், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு அருகே 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவைப் பார்க்கலாம். தென்னிந்தியப் பழைய வீடுகளைப் பெயர்த்து வந்து நிறுத்தியிருக்கும் அந்த வளாகத்தின் அமைப்பிலும் பேக்கரின் கை இருக்கிறது.

வெளியூர் போய்த் தொழில் கற்று வருவது சிவகாசிக்குப் புதிதல்ல. மழை பொய்த்த பூமியில் பிழைக்க வழி தேடி, 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போனார்கள். தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். அந்தத் தீக்குச்சியிலிருந்துதான் இன்றைய பட்டாசு வட்டாரம் முழுவதும் கிளம்பியது. கல்கத்தாவோடு ஒப்பிட்டால் திருவனந்தபுரம் பக்கத்து ஊர்.

வீடு கட்டக் கல் இறக்கியிருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், தளம் போடுவதற்கு முன்னால் கொத்தனாரையும் அழைத்துக்கொண்டு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். தம்பானூரில் ஒரு காபி, உள்ளூரில் ஒரு சுற்று, விளப்பில்சாலையில் ஒரு விசாரிப்பு. ரயில் செலவைச் சேமிக்கிற சிமென்ட்டில் எடுத்துவிடலாம்!